கல்மண்டபத்துக்கு எந்த லைட், எவ்வளவு? சன், பாயின்ட், ஸ்பாட், ஏரியா, எச்டிஆர்ஐ

கல்தூண்
வணக்கம். வைகைக் கரையில் பார்க்கிற மாதிரி ஒரு கல்மண்டபம் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் செய்திருக்கிறேன். 16 தூண், தூண் உயரம் 3.2 மீட்டர். தெற்கும் வடக்கும் திறப்பு, முன்னால் கல் பாவிய முற்றம். ரெண்டர் சைக்கிள்ஸ் (ஒளியின் பாதையைக் கணக்கிட்டுப் படம் உருவாக்கும் பிளெண்டரின் பகுதி). இரண்டு படம் வேண்டும்: ஒன்று உச்சி வெயில், இன்னொன்று கார்த்திகை இரவு, தரை முழுக்க அகல் விளக்கு.

இப்போது போட்டிருப்பது: சன் லைட் ஸ்ட்ரெங்த் 1000, ஆங்கிள் 15. எச்டிஆர்ஐ (வான ஒளிக்குச் சுற்றிலும் போர்த்தும் 360 டிகிரிப் படம்) ஸ்ட்ரெங்த் 1. அகலுக்கு ஒரு பாயின்ட் லைட் வீதம் 60 வாட், ரேடியஸ் 0.1. முற்றம் வெள்ளையடித்த மாதிரி வெளுத்துப்போகிறது, மண்டபத்துக்குள்ளே கரி. சன்னை அணைத்தால் அகல் எரிகிற தடயமே இல்லை. எங்கிட்டு எந்த லைட் வைக்கணும், எவ்வளவு வைக்கணும்?

நிழல்கணக்கு
லைட்டுக்குப் போகும் முன்னால் ஒன்று. தூணைத் தேர்ந்தெடுத்து, வலப்பக்கப் பட்டியில் டைமென்ஷன்ஸ் பாருங்கள். இசட் எவ்வளவு காட்டுகிறது?

கல்தூண்
320 மீ. ஸ்கேல் 1 என்றுதான் இருக்கிறது.

நிழல்கணக்கு
முதல் கோளாறு அதுதான். சென்டிமீட்டரில் செய்த மாடல் மீட்டராக இறங்கியிருக்கிறது. எஃப்பிஎக்ஸ் கோப்பு வழியாக வரும்போது இது அடிக்கடி நடக்கும். தூரம் 100 மடங்கு கூடினால் பாயின்ட் லைட்டின் வெளிச்சம் 100-இன் வர்க்கம், அதாவது 10,000 மடங்கு குறையும். உங்கள் 60 வாட் அகல் உண்மையில் 0.006 வாட் வேலைதான் செய்கிறது. ஒரு மெழுகுவர்த்திக்கு பிளெண்டர் கணக்கில் 0.05 வாட். அதில் எட்டில் ஒரு பங்குகூட இல்லாதபோது எப்படித் தெரியும்?

சன் மட்டும் ஏன் வெளுத்தது என்றால், அதற்குத் தூரம் கிடையாது. எங்கே வைத்தாலும் ஒன்றுதான், திருப்புகிற கோணம் மட்டுமே கணக்கு. அதனால் அளவு தப்பினாலும் சன் மாறாது. பாயின்ட், ஸ்பாட், ஏரியா மூன்றும் படுத்துவிடும். இரண்டும் இப்படிப் பிரிந்து நடந்தாலே அளவுக் கோளாறு என்று சந்தேகப்படலாம்.

சரிசெய்ய: பிவட்டை 3டி கர்சருக்கு மாற்றி, கர்சரை மையப் புள்ளியில் வைத்து, எல்லாவற்றையும் தேர்ந்து எஸ், 0.01, என்டர். பிறகு மெஷ்களை (உருவங்களை) மட்டும் தேர்ந்து கன்ட்ரோல்-ஏ, ஸ்கேல். லைட்களின் ஸ்கேலைக் கையால் 1-க்குத் திருப்புங்கள். ஏரியா லைட்டில் இதை விட்டுவிட்டால் அதன் அளவு 1 மீட்டருக்குப் பதில் 1 சென்டிமீட்டராகிவிடும், நிழல் கத்திபோல விழும்.

அடுத்தது வாட். சன் லைட்டின் எண் சதுர மீட்டருக்கு வாட். தெளிந்த வெயிலுக்கு 1000 சரியான எண்தான். பாயின்ட், ஸ்பாட், ஏரியாவின் எண்ணும் வாட்தான், ஆனால் அது வெளியே வரும் ஒளியின் வாட், மின்சார வாட் இல்லை. கடையில் வாங்கும் 9 வாட் எல்இடி பல்பின் பெட்டியில் 800 அல்லது 900 லூமென் (கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அளவு) என்று போட்டிருக்கும். 800 லூமெனுக்கு பிளெண்டரில் 2.1 வாட். பெட்டியைப் பார்த்து 9 போட்டால் நான்கு மடங்கு அதிகம்.

வெயிலில் இருக்கும் தரை சுமார் 1 லட்சம் லக்ஸ் (பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகு). அகல் 1 மீட்டர் தள்ளி ஏறக்குறைய 1 லக்ஸ். ஒரே படத்தில் இரண்டும் தெரியாது, நேரில் நின்றாலும் தெரியாது. பகல் படத்துக்குக் கலர் மேனேஜ்மென்டில் எக்ஸ்போஷர் மைனஸ் 7 முதல் மைனஸ் 8 வரை (ஒவ்வொரு படியும் வெளிச்சத்தை இரட்டிக்கும் அல்லது பாதியாக்கும்). இரவுப் படத்துக்கு பிளஸ் 6 முதல் பிளஸ் 8. இரண்டு சீனாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

வைகைமணல்
எக்ஸ்போஷரை மைனஸ் 8-க்கு இறக்குவதைவிட சன்னை 4-க்கு இறக்கி எக்ஸ்போஷரை 0-இல் விடுவது சுலபம். 1000-ஐ 250-ஆல் வகுத்தால் 4. மைனஸ் 8 என்பதும் 256-ஆல் வகுப்பதுதான், இரண்டும் ஏறக்குறைய ஒன்றேதான். வேலைக்கு நடுவில் புதுசா ஒரு பல்பு சேர்க்கும்போது தலை சுற்றாது.

நிழல்கணக்கு
பகல் படத்தில் சன், வானம் இரண்டே இருந்தால் அப்படிச் செய்யலாம், நண்பரே. பல்பும் உள்ளே வந்தால் அதையும் 250-ஆல் வகுக்க வேண்டும், அதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். கல்தூண் அவர்களுக்கு மண்டபத்துக்குள் கரியாக வந்ததும் இதே வழிதான்: சன் நிஜ அலகில் 1000, எச்டிஆர்ஐ வெறும் 1. வானத்துக்கு ஏறக்குறைய பங்கே இல்லை. சன்னை 4 ஆக்கினால் எச்டிஆர்ஐ 1 பக்கத்தில் வந்துவிடும்.

சரிபார்க்க ஒரு சோதனை. சாம்பல் நிறப் பந்து இரண்டு வையுங்கள், பேஸ் கலர் (பரப்பு திருப்பும் ஒளியின் பங்கு) 0.18. ஒன்று முற்றத்து வெயிலில், இன்னொன்று பக்கத்திலேயே ஒரு பலகையின் நிழலில், ஆனால் மேலே வானம் திறந்திருக்கும்படி. தெளிந்த நாளில் இரண்டுக்கும் இடையே இரண்டரை முதல் மூன்று ஸ்டாப் வித்தியாசம் இருக்க வேண்டும், அதாவது ஆறு முதல் எட்டு மடங்கு. அதற்கு மேல் போனால் வானம் போதவில்லை. கீழே வந்தால் வெயில் மாதிரியே இருக்காது, மேகமூட்டம் மாதிரி இருக்கும்.

யானைமலைக்காரன்
வெயில் எங்கிருந்து வருகிறது என்பதை யாரும் சொல்லவில்லையே. உச்சி வெயில் என்று மட்டும் சொன்னால் போதாது, மாதம் வேண்டும்.

மதுரை 9.92 டிகிரி வடக்கு, 78.12 கிழக்கு. இந்திய நேரம் 82.5 டிகிரிக்கு வைத்தது, அதனால் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தில் 12 மணிக்கு இல்லை, சராசரியாக 12:17. பிப்ரவரியில் 12:30-ஐத் தாண்டும், நவம்பர் தொடக்கத்தில் 12:00-ஐ ஒட்டி வரும்.

சித்திரை பிறந்த ஒட்டில், ஏப்ரல் நடுவில், சூரியன் நேர் தலைக்கு மேல். ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு முறை. அந்த நாளில் உச்சிப் பொழுதுக்கு நட்டுவைத்த கம்பின் நிழல் கம்பின் காலடியிலேயே விழும். உங்கள் மண்டபத்துக்குள் நேர் வெயில் ஒரு விரல்கூட நுழையாது. உள்ளே இருக்கிற வெளிச்சம் முழுக்க முற்றத்துத் தரையில் பட்டு எழும்பி வருவது. அதனால் விதானத்தின் அடிப்பக்கம் தரையைவிட வெளிச்சமாக இருக்கும், தூண்களில் கீழிருந்து மேலாக ஒளி ஏறும். யாளியின் தாடைக்கு அடியில் வெளிச்சம், புருவத்துக்கு மேலே இருட்டு. இது வந்தால்தான் சித்திரை வெயில்.

டிசம்பர் 21 சுமாரில் உச்சி உயரம் 56.6 டிகிரி, தெற்கிலிருந்து. 3.2 மீட்டர் உயரத் திறப்பு வழியாக வெயில் உள்ளே 2.1 மீட்டர் தரை நனைக்கும். ஜூன் 21-இல் சூரியன் வடக்கே, 76.5 டிகிரி. அப்போது வடக்குத் திறப்பு வழியாக 77 சென்டிமீட்டர். ஜூன் படத்தில் தெற்கிலிருந்து நிழல் போட்டால் இந்த ஊர்க்காரர் கண்ணுக்கு உடனே உறுத்தும். அதனால் எந்தக் கோயில், எந்தக் கட்டடம் ஆனாலும் முதலில் வடக்கு எது என்று மாடலில் ஒரு அம்பு போட்டுவையுங்கள். பிளெண்டரில் சன் பொசிஷன் ஆட்-ஆன் உண்டு: அட்சரேகை, தீர்க்கரேகை, நேர மண்டலம் 5.5, தேதி, மணி கொடுத்தால் அதுவே சன்னைத் திருப்பும். வடக்கு ஆஃப்செட்டைச் சரிபார்க்காமல் விட்டால் அத்தனையும் வீண்.

அப்புறம் ஆங்கிள் 15. அதுதான் உங்கள் சன்னில் இரண்டாவது தப்பு. சூரியன் வானத்தில் அரை டிகிரிதான், 0.526 வைத்தால் சரி. அரை டிகிரிக்கே நிழல் ஓரம் கொஞ்சம் கரையும்: நிழல் போடும் விளிம்பிலிருந்து நிழல் விழும் இடம் 5 மீட்டர் என்றால் ஓரம் சுமார் 4.6 சென்டிமீட்டர் மங்கும். தூணின் அடியில் கத்திபோல, கபோதத்தின் (கூரை விளிம்புக் கொடுங்கையின்) நிழலில் ஒரு விரற்கடை மங்கல். இந்த வித்தியாசம் ஒன்றுதான் நிஜ வெயில் என்று கண்ணை நம்பவைக்கிறது. 0 வைத்தால் எல்லா ஓரமும் கத்தி. 15 வைத்தால் மாசி மாதத்து மெல்லிய மேகம்.

வைகைமணல்
அண்ணே, இதுக்கு இவ்வளவு கணக்கு எதுக்கு? வெயில் இருக்கிற ஒரு நல்ல எச்டிஆர்ஐ போட்டா சூரியன், வானம், தரை எதிரொளி எல்லாம் ஒரே படத்தில் வந்துடுமே.

யானைமலைக்காரன்
நல்ல எச்டிஆர்ஐ என்றால் வரும், தம்பி. அந்த 'நல்ல' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. சூரிய வட்டம் வானத்தைவிட லட்சக்கணக்கான மடங்கு பிரகாசம். படம் எடுத்தவர் மிகக் குறைந்த எக்ஸ்போஷர் வரைக்கும் இறங்கி எடுக்காவிட்டால் அது வெட்டுப்பட்டுவிடும். பிளெண்டரின் இமேஜ் எடிட்டரில் படத்தைத் திறந்து, சூரியன் மேல் வலது கிளிக்கை அழுத்திப் பிடித்தால் அந்தப் புள்ளியின் எண் கீழே வரும். பல்லாயிரக்கணக்கில் இருந்தால் நம்பலாம். 5, 10 என்று நின்றால் சூரியன் வெட்டுப்பட்டது. கண்ணுக்கு வானத்தில் பளிச்சென்று சூரியன் தெரியும், தரையில் நிழல் விழாது.

அளவும் முக்கியம். 4கே படத்தின் அகலம் 4096 புள்ளி, 360 டிகிரிக்கு. சூரியன் ஆறு புள்ளி அகலம் வரும். 1கே படத்தில் ஒன்றரைப் புள்ளி. அந்த ஒன்றரைப் புள்ளியை வைத்துக்கொண்டு யாளியின் பல் நிழல் விழ வேண்டும் என்றால் எப்படி?

இன்னொன்று: கையில் கிடைக்கும் எச்டிஆர்ஐ ரொம்பவும் வடக்கே எடுத்ததாக இருக்கலாம். அங்கே கோடை நடுப்பகலிலும் சூரியன் சரிந்துதான் நிற்கும். படத்தை இடவலமாகச் சுழற்றலாம், சூரியனை உயர்த்த முடியாது. உயர்த்தினால் தொடுவானம் சாயும்.

நான் சொல்வது இதுதான்: எச்டிஆர்ஐயில் சூரியனைச் சுற்றியுள்ள வான நிறத்தால் அழித்துவிடுங்கள், அல்லது சூரியன் மேகத்துக்குப் பின்னால் இருக்கும் படம் எடுங்கள். வானத்துக்கு அது. வெயிலுக்குத் தனி சன் லைட். நிழல் எங்கே விழ வேண்டும் என்பது உங்கள் கையில் இருக்கும்.

வைகைமணல்
சரிண்ணே, வலது கிளிக் எண்ணைப் பார்த்தேன். 11.4. ஒத்துக்கிறேன்.

சுண்ணாம்புச்சுவர்
உள்ளே கரியாக இருப்பதற்கு லைட் மட்டும் காரணமாக இருக்காது, கல்தூண். பேஸ் கலரையும் பாருங்கள். கருங்கல் என்று 0.01 போட்டிருந்தால் எந்த வானம் வைத்தாலும் உள்ளே ஒளி போகாது. கழுவாத கருங்கல் பாவிய தரை 0.2 முதல் 0.3. புதுசாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் 0.75, 0.8. அதற்கு மேல் போகாதீர்கள், 1.0 வைத்தால் ஒளி சுவருக்குச் சுவர் சாகாமல் சுற்றும். எண்ணெய் இறங்கிய தூண் 0.05 வரை வரலாம், ஆனால் அதன் ரஃப்னெஸ் (சொரசொரப்பு) 0.3-க்குக் குறைய வேண்டும். எண்ணெய்க் கல் நிறத்தால் இருட்டு, வழவழப்பால் பளபளப்பு. இரண்டும் சேர்ந்தால்தான் எண்ணெய்.

லைட் பாத்ஸில் டிஃப்யூஸ் பவுன்ஸ் (ஒளி எத்தனை முறை பட்டுத் தெறிக்கலாம் என்ற எண்) இயல்பாக 4-இல் இருக்கும். இரண்டு வரிசைத் தூணுக்கு உள்ளே போகிற மண்டபத்துக்கு 8 வையுங்கள். நாயக்கர் மஹாலின் முற்றத்தை ஒட்டிய ஆளோடி மாதிரி வெள்ளைச் சுதை வேலைப்பாடு என்றால் பவுன்ஸ் குறைந்தால் உடனே தெரியும்: வளைவுகளின் அடிப்பக்கம் சாம்பலாகிவிடும். நேரில் அங்கே ஒளி வளைவுக்கு வளைவு தாவித்தான் உள்ளே போகிறது.

ஜன்னல் உள்ள அறை செய்கிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஏரியா லைட்டில் போர்ட்டல் என்று ஒரு டிக் உண்டு. அதைப் போட்டால் அந்த லைட் ஒளி தராது; வானத்து ஒளி எந்த வழியாக வருகிறது என்று சைக்கிள்ஸுக்குக் காட்டும், அவ்வளவுதான். ஜன்னல் திறப்பின் அளவுக்கே வைத்து, உள்பக்கம் பார்த்துத் திருப்புங்கள். புள்ளி இரைச்சல் நன்றாகக் குறையும். கண்ணாடி போட்ட ஜன்னலில் வெயில் உள்ளே வராமல் நின்றால், கண்ணாடி மெட்டீரியலில் லைட் பாத் நோடின் 'ஷேடோ ரே'யை வைத்து டிரான்ஸ்பேரன்ட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

கல்தூண்
அளவைச் சரிசெய்து, சன் 4, ஆங்கிள் 0.526, டிசம்பர் கோணம், டிஃப்யூஸ் பவுன்ஸ் 8. பகல் படம் உயிர் வந்துவிட்டது. தெற்கு வெயில் தரையில் சரியாக இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல் ஏறி நிற்கிறது. ரொம்ப நன்றி. இனி அகல்.

நிழல்கணக்கு
அகலுக்கு பாயின்ட் லைட்தான் சரி. 0.05 வாட். ரேடியஸ் 0.1 என்றால் 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள நெருப்புப் பந்து. அகலே எட்டு சென்டிமீட்டர்தான் இருக்கும், லைட் அதை விழுங்கிவிடும். 0.008 வையுங்கள். நிறத்துக்கு லைட்டின் நோட்ஸைத் திறந்து பிளாக்பாடி 1900.

எங்கே வைப்பது என்பதில்தான் விஷயம். அகலில் திரி நடுவில் இல்லை, மூக்கில் இருக்கிறது. லைட்டை மூக்குக்கு நேர் மேலே, விளிம்பிலிருந்து 2 சென்டிமீட்டர் உயரத்தில் வையுங்கள். அகலின் விளிம்பு தரையிலிருந்து 3 சென்டிமீட்டர் என்று வைத்தால் சுடர் 5-இல் நிற்கிறது. எதிர்ப்பக்க விளிம்பு சுடரிலிருந்து 7 சென்டிமீட்டர் தள்ளி. அந்தப் பக்கம் அகலின் நிழல் 17.5 சென்டிமீட்டர் வரை நீளும். மூக்குப் பக்கம் விளிம்பு அரை சென்டிமீட்டர்தான் வெளியே. நிழல் ஒன்றேகால் சென்டிமீட்டரில் முடிந்துவிடும். ஆக ஒவ்வொரு அகலின் அடியிலும் முதுகுப் பக்கம் நீண்ட வால்போல இருட்டு. விளக்கடி இருட்டு என்று சொல்கிறோமே, அதன் வடிவம் வட்டம் இல்லை, இதுதான். லைட்டை அகலின் நடுவில் வைத்தால் வட்டமாக விழும், பார்த்தவுடன் பொம்மை விளக்கு மாதிரி தெரியும்.

கண்ணுக்குத் தெரிகிற சுடர் தனி மெஷ், எமிஷன் மெட்டீரியல். அந்த மெஷ்ஷுக்கு ஆப்ஜெக்ட் பட்டியில் ரே விசிபிலிட்டியில் டிஃப்யூஸையும் ஷேடோவையும் அணையுங்கள். ஷேடோவை விட்டால் உள்ளே இருக்கும் பாயின்ட் லைட்டைச் சுடரே மூடிவிடும். டிஃப்யூஸை விட்டால் ஒரு சுடருக்கு இரண்டு வெளிச்சம். குளாஸியை மட்டும் விட்டுவையுங்கள், எண்ணெய்ப் பரப்பில் சுடரின் பிரதிபலிப்பு வேண்டும்.

வைகைமணல்
எமிஷன் மெஷ்ஷே ஒளி தருமே, பாயின்ட் எதுக்கு என்று கேட்க வந்தேன். 400 அகலுக்கு அது நல்லதில்லையா?

நிழல்கணக்கு
தரும். ஆனால் மெஷ்ஷில் ஸ்ட்ரெங்த் பரப்பின் ஒவ்வொரு பகுதிக்கும். சுடரை அழகுக்காகக் கொஞ்சம் பெரிசாக்கினால் பரப்பு இரட்டித்து வெளிச்சமும் இரட்டிக்கும். லைட்டில் வாட் மொத்தத்துக்கு, அளவை மாற்றினாலும் மொத்தம் அப்படியே நிற்கும். பத்து விதச் சுடர் வடிவம் வைத்துக்கொண்டு ஒரே வெளிச்சம் வேண்டும் என்றால் பாயின்ட்தான். இரைச்சலும் குறைவு. 400 லைட்டைப் பற்றிக் கவலை வேண்டாம், பிளெண்டர் 3.5 முதல் பல லைட்டைத் திறமையாகக் கையாளும் லைட் ட்ரீ இருக்கிறது, சாம்பிளிங்கில் அது டிக் ஆகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எண்ணெயிலும் பித்தளையிலும் வெள்ளைப் புள்ளி பறந்தால் கிளாம்ப்பின் (பிரகாசத்துக்கு வைக்கும் உச்சவரம்பு) இன்டைரக்ட்டை 10-இலிருந்து 3-க்கு இறக்குங்கள். இரவு சீனில் உண்மையான மதிப்புகள் மிகச் சிறியவை, அதற்கேற்ப 1-க்குக் கீழும் போகலாம். டைரக்ட்டைத் தொடாதீர்கள், சுடர் செத்துவிடும்.

யானைமலைக்காரன்
கார்த்திகை என்றால் பௌர்ணமி, நிலாவை விட்டுவிட்டீர்களே. நிலாவும் சன் லைட்தான், அதே அரை டிகிரி, ஸ்ட்ரெங்த் 0.001. விளக்கேற்றுகிற ஆறரை, ஏழு மணிக்கு நிலா கிழக்கே தாழத்தான் இருக்கும். பௌர்ணமி நிலா சூரியன் மறைகிற வேளையில் எழும்பும், ஏழு மணிக்குச் சுமார் 13 டிகிரி உயரம். உங்கள் மண்டபத்துக்குக் கிழக்குப் பக்கம் சுவர் என்றால் உள்ளே நிலா வராது, முற்றத்தில் நீள நிழல்.

நிலாவும் அகலும் எங்கே சமம் என்று கணக்குப் போடலாம். 0.05-ஐ 12.57-ஆல் (4 பை, எல்லாத் திசைக்கும் பரவுவதால்) வகுத்தால் 1 மீட்டரில் 0.004. நிலாவுக்கு நான்கு மடங்கு. ஒளிக்கு நேராக நிற்கும் பரப்பில் 2 மீட்டரில் இரண்டும் சமம். அகலிலிருந்து இரண்டு மீட்டர் வரை மஞ்சள் ஜெயிக்கும், அதைத் தாண்டினால் நிலா. முற்றத்தின் ஓரத்தில் அந்த மாற்றம் தெரிய வேண்டும்.

நிலாவுக்கு நீலம் பூசாதீர்கள். அது நிலாவின் கல்லில் பட்டுத் திரும்புகிற சூரிய ஒளிதான். ஒயிட் பேலன்ஸை 3000 சுற்றி வைத்தால் அகல் பக்கம் பொன்னிறமாகவும் நிலா பக்கம் தானாகவே நீலமாகவும் பிரியும். கையால் பூசிய நீலம் எப்போதும் கூடிப்போகும்.

சுண்ணாம்புச்சுவர்
மண்டபத்தில் இப்போதெல்லாம் டியூப் லைட்டும் இருக்கும், அதையும் எழுதிவிடுகிறேன். நான்கடி டியூப், 2,000 லூமென் என்றால் பிளெண்டரில் 5 வாட்டை ஒட்டி. ஏரியா லைட், ரெக்டாங்கிள், 1.2 மீட்டருக்கு 0.026. ஏரியா லைட் ஒரு முகத்தில்தான் ஒளி தரும். டியூப் மாட்டியிருக்கிற தூண் இருட்டாகவே நிற்கும், நேரில் அப்படி இருக்காது. பின்பக்கம் பார்த்து இன்னொரு ஏரியா வைத்து வாட்டைப் பிரித்துக்கொடுங்கள். டியூப்பின் நிழல் விநோதம்: டியூப்புக்கு இணையான ஓரம் கூர்மை, குறுக்கான ஓரம் கரைந்துபோகும். நிழல் அப்படி விழவில்லை என்றால் ஏரியாவைச் சதுரமாக விட்டிருக்கிறீர்கள்.

சிலைக்கு ஸ்பாட் வைப்பவர்கள் கவனிக்க: பிளெண்டரில் கூம்பைக் குறுக்கினால் வெளிச்சம் கூடாது. 20 வாட் ஸ்பாட் 120 டிகிரியிலும் 20 டிகிரியிலும் நடுவில் ஒரே பிரகாசம், ஓரத்தை மறைப்பது மட்டும்தான் நடக்கிறது. நிஜ விளக்கில் கண்ணாடிக் கிண்ணம் ஒளியைக் குவிக்கும். அதனால் குறுகிய ஸ்பாட்டுக்கு லூமென் கணக்கைவிடக் கூடுதல் வாட் வேண்டும். விளக்குக் கம்பெனி கொடுக்கிற ஐஇஎஸ் கோப்பு (எந்தத் திசையில் எவ்வளவு ஒளி என்ற பதிவு) கிடைத்தால் அதை ஐஇஎஸ் நோடில் போட்டு ஸ்ட்ரெங்த்தில் செருகுங்கள், சுவரில் விழும் வளைவு அப்படியே வரும்.

ஊதுலை
இடையில் ஒரு கேள்வி. இதே சீனில் ஐந்து முகக் குத்துவிளக்கு, பித்தளை, தனியாகக் கடைப் படம் மாதிரி வேண்டும். மூன்று பாயின்ட் லைட் வைத்தும் பித்தளை கறுப்பாக, நாலு வெள்ளைப் புள்ளியோடு வருகிறது. மெட்டாலிக் 1, ரஃப்னெஸ் 0.15.

நிழல்கணக்கு
மெட்டீரியல் சரி. பித்தளை தனியாக நிறம் காட்டாது, சுற்றி இருப்பதைத்தான் தன் நிறம் ஏற்றிக் காட்டும். சுற்றிலும் வெறுமை, மூன்று புள்ளி லைட். அதைத்தான் அது காட்டுகிறது. இங்கே லைட்டை வெளிச்சம் என்று நினைக்காதீர்கள், வெள்ளைத் துணி என்று நினையுங்கள். பித்தளையில் எந்த வடிவம் மின்ன வேண்டுமோ அந்த வடிவத்தில் ஏரியா லைட்.

குத்துவிளக்குத் தண்டு கடைசல் பிடித்தது, வளையம் வளையமாக. இடப்பக்கம் 0.3-க்கு 1.4 மீட்டர் நெட்டுக்குத்தான ஏரியா, 80 சென்டிமீட்டர் தள்ளி. தண்டின் நீளத்துக்கு ஒரே கோடாக மின்னும், ஒவ்வொரு வளையத்திலும் அந்தக் கோடு நெளியும். அந்த நெளிவுதான் கடைசல் வேலையைக் காட்டுகிறது. வலப்பக்கம் அதே போல் இன்னொன்று, அகலத்தில் பாதி, வாட்டில் மூன்றில் ஒன்று. மேலே 1 மீட்டர் சதுரம், தட்டின் எண்ணெய்க் குழிக்கு. அப்புறம் கறுப்பு அட்டை: விளக்கின் இரண்டு பக்கமும் கேமரா கண்ணில் படாமல் கறுப்புத் தகடு நிறுத்துங்கள். தண்டின் ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு விழும், பின்னணியிலிருந்து பித்தளை பிரிந்து நிற்கும். கறுப்பு இல்லாவிட்டால் விளக்கு பிளாஸ்டிக்கில் வார்த்தது போல இருக்கும்.

ஊதுலை
கறுப்புத் தகடு வைத்ததும் ஆளே மாறிப்போச்சு அண்ணே. நன்றி.

மண்ஓடு
கீழடிப் பக்கத்துப் பானை ஓட்டின் கீறல், மாங்குளம் தமிழிக் கல்வெட்டு மாதிரி ஆழமில்லாத எழுத்தைக் காட்டுவது எப்படி? நேராக லைட் அடித்தால் எழுத்தே மறைந்துவிடுகிறது.

யானைமலைக்காரன்
நேராக அடித்தால் மறையத்தான் செய்யும். படுக்கையாக அடியுங்கள். 2 மில்லிமீட்டர் ஆழக் கீறலுக்கு 45 டிகிரியில் நிழல் 2 மில்லிமீட்டர், 20 டிகிரியில் 5.5, 10 டிகிரியில் 11. சன் லைட், ஆங்கிள் 1-க்குள், பரப்பிலிருந்து 10 முதல் 15 டிகிரி. ஒரு திசை போதாது: லைட்டுக்கு இணையாக ஓடும் கோடு நிழல் போடாது. நெட்டுக்கோடு தெரிய இடமிருந்து, கிடைக்கோடு தெரிய மேலிருந்து. எட்டுத் திசையில் எட்டு சன் வைத்து, ஒவ்வொன்றையும் தனி லைட் குரூப்பில் போட்டால் ஒரே ரெண்டரில் எட்டும் கிடைக்கும், கம்போசிட்டரில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கலாம். பல திசை ஒளியில் படமெடுத்துப் பரப்பைப் படிக்கிற முறையை 2001-இல் எச்பி ஆய்வகத்தின் டாம் மால்ஸ்பெண்டர் குழு வெளியிட்டது. கல்வெட்டுக்காரர்கள் அதை நிஜக் கல்லில் செய்கிறார்கள், நீங்கள் மாடலில் செய்கிறீர்கள்.

போட்டோ எடுத்து ஸ்கேன் செய்த மாடல் என்றால் ஒரு எச்சரிக்கை. வெயிலில் எடுத்திருந்தால் அந்த வெயிலின் நிழல் டெக்ஸ்ச்சரிலேயே ஒட்டிவிடும். நீங்கள் எங்கிருந்து லைட் அடித்தாலும் பழைய நிழல் போகாது, ஒரு எழுத்துக்கு இரண்டு நிழல். கல்வெட்டை வாசிக்கிறவருக்கு அது தப்பான கோடாகவே தெரியும். டெக்ஸ்ச்சரைக் கழற்றிவிட்டு வெறும் சாம்பல் மெட்டீரியலில் ரெண்டர் செய்யுங்கள், உருவம் மட்டும் பேசட்டும். அடுத்த முறை எடுக்கும்போது வெயில் அந்தப் பாறையில் விழாத நேரத்தில் எடுங்கள்.

செல்திரை
இதே மண்டபத்தை செல்போனில் சுற்றிப் பார்க்க த்ரீ.ஜேஎஸ்ஸில் (இணையப் பக்கத்தில் 3டி காட்டும் நிரல் நூலகம்) ஏற்றுவதானால் கணக்கு வேறு. அங்கே ஒவ்வொரு லைட்டும் ஒவ்வொரு பிரேமிலும் விலை கேட்கும். டைரக்ஷனல் லைட்டின் (அங்கே சன்னுக்கு அதுதான் பெயர்) நிழலுக்குச் சீனை ஒரு முறை வரைய வேண்டும், பாயின்ட் லைட்டுக்கு ஆறு திசைக்கு ஆறு முறை. 400 அகலுக்கு நிழல் என்பது நடக்காது. ரெக்ட் ஏரியா லைட் உண்டு, நிழல் போடாது.

டைரக்ஷனல் லைட்டின் நிழல் கேமரா எடுத்த எடுப்பில் இடவலம் 5, மேல் கீழ் 5. மண்டபம் 16 மீட்டர் நீளம் என்றால் நடுவில் மட்டும் நிழல் விழுந்து ஓரத்தில் நேர்கோட்டில் வெட்டுப்படும். 10-க்கு விரியுங்கள், அதற்கு மேல் வேண்டாம். 20 மீட்டர் அகலத்துக்கு 2048 மேப் வைத்தால் புள்ளி ஒன்றுக்கு 1 சென்டிமீட்டர். முதலில் இருக்கிற 512-ஐ விட்டால் 4 சென்டிமீட்டர், நிழல் படிக்கட்டாகத் தெரியும். தூணில் வரிவரியாக நிழல் படிந்தால் நார்மல் பயஸ் 0.02-இலிருந்து மெல்ல ஏற்றுங்கள். கூடிப்போனால் தூண் தரையை விட்டு மிதக்கிற மாதிரி நிழல் விலகும்.

பழைய பாடம் பார்த்து எண் போடுபவர்கள் கவனிக்க: ஆர்155 பதிப்பில் பழைய லைட் முறை இயல்பாக அணைக்கப்பட்டது, பிறகு நீக்கப்பட்டே விட்டது. பாயின்ட் லைட்டின் எண் கேன்டெலா (ஒரு திசையில் செல்லும் ஒளியின் அலகு). 800 லூமென் பல்பை 12.57-ஆல் வகுத்தால் 64.

அகலுக்கு என் யோசனை: பிளெண்டரில் சைக்கிள்ஸிலேயே அகல் ஒளியைத் தரை, தூண்களின் லைட்மேப்பில் பேக் செய்துவிடுங்கள், அதாவது வெளிச்சத்தைப் படமாகவே பதித்துவிடுங்கள். நெருங்கிப் பார்க்கிற மூன்று அகலுக்கு மட்டும் உயிருள்ள பாயின்ட் லைட், நிழல் இல்லாமல், எண்ணைக் கொஞ்சம் ஏற்றி இறக்கிச் சுடர் அசைவு.

கல்தூண்
இரவுப் படம் முடிந்தது. அகல் 0.05, ரேடியஸ் 0.008, மூக்குக்கு மேலே. நிலா 0.001, கிழக்கே 13 டிகிரி. எக்ஸ்போஷர் 7. விளக்கடி வால்நிழல் 400 அகலுக்கும் ஒரே திசையில் விழுந்து செயற்கையாக இருந்தது, அகல்களை ஆளுக்கொரு பக்கம் திருப்பியதும் சரியானது. ஒன்று மட்டும் மிச்சம்: யாளியின் கழுத்து வளைவில், வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற இடத்தில் முக்கோணம் முக்கோணமாகக் கறுப்பு.

நிழல்கணக்கு
அது லைட் இல்லை, மெஷ். குறைந்த முகங்களுக்கு ஸ்மூத் ஷேடிங் போட்டால் அகல் மாதிரி சிறிய லைட்டில் இது வரும். ஆப்ஜெக்ட் பட்டியில் ஷேடிங் பகுதியில் ஷேடோ டெர்மினேட்டர், ஜியோமெட்ரி ஆஃப்செட்டைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். போகாவிட்டால் அந்தக் கழுத்துக்கு மட்டும் ஒரு சப்டிவிஷன் (முகங்களை நுணுக்கிப் பிரிப்பது).

கல்தூண்
கொஞ்சம் ஏற்றியதுமே போய்விட்டது.